ரிசர்வைத் திறந்துவிட்டால் வீடு மலிவாகுமா?

கிளார்க்ஸ்பர்க்கில் டவுன்ஹவுஸ் ஒன்றில் வாடகைக்கு இருக்கும் நண்பர் கேட்டிருப்பது இது. அந்த ஊர் இருக்கும், வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்து மாநிலத்தின் மான்ட்கோமரி கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலத்தை ‘அக்ரிகல்ச்சுரல் ரிசர்வ்’, அதாவது விவசாயத்துக்கு ஒதுக்கிய நிலம் என்று, அதிகம் வீடு கட்ட முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் கார் ஓட்டினால் சோளமும் குதிரையும்தான். இந்தப் பக்கமோ சுமாரான வீடு வாங்கவே மூச்சு முட்டுகிறது. அந்த நிலத்தைத் திறந்துவிட்டால் விலை இறங்காதா? இது பணக்காரர்கள் தங்கள் கண்குளிர்ச்சிக்குச் செய்துகொண்ட ஏற்பாடு இல்லையா?

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பூட்டு யாருக்காகப் போடப்பட்டது என்பது ஒன்று. விலையேற்றத்துக்கு அந்தப் பூட்டுதான் காரணமா என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறு இல்லை. இரண்டாவதில் தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்க்கிறீர்கள் என்பது என் அபிப்பிராயம். இருபது வருடங்களாக இந்த வட்டாரத்தில் நிலப் பயன்பாட்டுத் திட்ட வேலையில் இருக்கிறேன். பொருளாதார நிபுணரும் இல்லை, வக்கீலும் இல்லை. விலை, வழக்கு பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை 1964-இல் தொடங்குகிறது. கவுண்டியின் அந்த வருடத்துப் பொதுத் திட்டத்தின் மையக் கருத்து ‘ஆப்பும் வழித்தடமும்’. தமிழில் ஆப்பு என்றால் வேறு அர்த்தம் வந்துவிடுகிறது, அதுவும் சிலருக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. வாஷிங்டனிலிருந்து வெளியே ஓடும் சாலை, ரயில் பாதைகளை ஒட்டி ஊர்கள் வளரட்டும், அவற்றுக்கு நடுவே ஆப்பு வடிவத்தில் வயலும் காடும் இருக்கட்டும் என்பது யோசனை. வரைபடத்தில் அழகாக இருந்தது. நிலத்தில் அதைச் செய்துகாட்ட அப்போது கருவி எதுவும் இல்லை. 1970-களில் கிராமப் பகுதியில் 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்று விதி போட்டார்கள், அது வயலைக் காக்கும் என்று நம்பி. நடந்தது தலைகீழ். வயல்கள் ஐந்தைந்து ஏக்கராகத் துண்டாடப்பட்டு நடுவில் ஒரு பங்களா, சுற்றிலும் புல்தரை என்று ஆகின. 5 ஏக்கரில் புல் வெட்டி மாளாது. டிராக்டரைத் திருப்பி உழவும் கட்டுப்படியாகாது. பண்ணையைக் கொல்ல அதைவிடச் சரியான அளவை யோசித்தாலும் கண்டுபிடிக்க முடியாது.

1980-இல்தான் இப்போதைய ரிசர்வ் வந்தது. திட்ட வாரியத்தின் அப்போதைய தலைவர் ராய்ஸ் ஹான்சன். சுமார் 93,000 ஏக்கரில் இனி 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் என்றார்கள். நேற்றுவரை நூறு ஏக்கர்க்காரர் 20 மனை போடலாம், இன்று 4. நிலத்தின் விலை ஒரே இரவில் காகிதத்தில் சரிந்தது. அந்த நிலம்தான் அவருக்கு பென்ஷன், பிள்ளைகளின் படிப்புச் செலவு, வங்கிக் கடனுக்கு ஈடு எல்லாமே. ‘எங்கள் சொத்தைப் பிடுங்கி உங்களுக்குப் பூங்கா கட்டுகிறீர்கள்’ என்று அவர்கள் கொதித்ததில் நியாயம் இருந்தது.

அந்தக் கொதிப்புக்கு ஈடாக வந்ததுதான் டி.டி.ஆர்., கட்டும் உரிமையை இடம் மாற்றி விற்கும் ஏற்பாடு. இதை இந்த கவுண்டி கண்டுபிடிக்கவில்லை. இதே மாநிலத்தின் கால்வர்ட் கவுண்டி 1978-லேயே தொடங்கிவிட்டது. அதே வருடம் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலைய வழக்கில் உச்ச நீதிமன்றமும் இப்படி மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு மதிப்பு உண்டு என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. மான்ட்கோமரி அதைப் பெரிய அளவில் செய்தது. கணக்கு இப்படி: கட்டுவதற்கு 25 ஏக்கருக்கு ஒன்று, ஆனால் விற்பதற்கு, பழைய விதிப்படியே, 5 ஏக்கருக்கு ஒன்று. நூறு ஏக்கர்க்காரரிடம் 20 உரிமைகள். நான்கு வீட்டுக்கான நான்கை வைத்துக்கொண்டு மீதி 16-ஐ விற்கலாம். வாங்குபவர் அரசு இல்லை. கவுண்டியில் வேறு இடத்தில், அனுமதிக்கப்பட்டதைவிடக் கூடுதலாக வீடு கட்ட விரும்பும் பில்டர். விற்றதும் அந்த வயல்மீது நிரந்தரக் கட்டுப்பாடு பதிவாகிவிடும். நம் ஊர்ப் பாஷையில் அது ஒரு வில்லங்கம். மகனையும் பேரனையும் பிற்பாடு வாங்குபவரையும் அது கட்டும். இப்படி மட்டுமே 50,000 ஏக்கருக்கு மேல் கட்டுப்பட்டிருக்கிறது. ஆகவே ‘திறந்துவிடுவது’ என்பது கவுண்டி சபை ஒரு மாலை கூடிக் கையைத் தூக்கினால் முடிகிற காரியம் இல்லை. அந்த உரிமைகள் விற்கப்பட்டு, வேறிடத்தில் வீடாகவே எழும்பிவிட்டன. இது சந்தேகத்துக்கு இடமில்லாத பகுதி.

காகிதப் பூட்டு இது. மண்ணுக்கு அடியில் இன்னொரு பூட்டு இருக்கிறது, என்னைக் கேட்டால் அதுதான் பலமானது. ரிசர்வுக்குள் பாதாளச் சாக்கடை நீட்டப்படுவதில்லை. பூல்ஸ்வில் போன்ற சிற்றூர் தனக்கென்று கிணறும் சுத்திகரிப்பு நிலையமும் வைத்திருக்கிறது. மற்ற இடங்களில் போர் தண்ணீர், செப்டிக் டேங்க்தான். செப்டிக் போட மண் தண்ணீரைக் குடிக்க வேண்டும். அந்தச் சோதனையை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். குளிர்காலம் முடியும் நேரத்தில், மண் ஊறிக் கிடக்கும்போதுதான் வைப்பார்கள். பேக்ஹோ இயந்திரம் பள்ளம் தோண்டும். பள்ளத்தின் அடியில் சின்னதாக ஒரு குழி. அதில் தண்ணீரை ஊற்றிவிட்டு, சுகாதாரத் துறை ஊழியர் அளவுகோலையும் கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டு நிற்பார். முதல் அங்குலம் கணக்கில் வராது. இரண்டாவது அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்பதுதான் கேள்வி. 30 நிமிடத்தைத் தாண்டினால் வழக்கமான செப்டிக் கிடையாது. சல்லடை மாதிரி ஓடிவிட்டாலும் ஆகாது, நிலத்தடி நீரில் கலந்துவிடும். ஒரு மார்ச் மாதக் காலையில், குழியில் தண்ணீர் அசையாமல் நிற்பதை முக்கால் மணி நேரம் வெறித்துப் பார்த்த ஒரு பெரியவர், ‘நானே குடித்துவிடட்டுமா, கணக்கில் சேருமா?’ என்று கேட்டார். அந்தக் குழி தேறாவிட்டால் அவர் மகளுக்கு அங்கே வீடு இல்லை. பிறகு மணல் மேடு அமைத்துக் கழிவுநீரை வடிக்கும் முறை வந்தது, முன்பு தேறாத நிலங்களில் சில தேறின. 25 ஏக்கர் விதி இருந்தும் நடுநடுவே மாளிகை மாதிரி வீடுகள் முளைத்திருப்பதில் இதற்கும் பங்குண்டு.

சரி, யாருக்காக இந்தப் பூட்டு? அங்கே இன்னும் ஐந்நூறுக்கு மேற்பட்ட பண்ணைகள் இருக்கின்றன. மக்காச்சோளம், சோயா, வைக்கோல், நர்சரி, குதிரை லாயம். உண்மையான விவசாயம்தான், ஆனால் பலர் உழுவது குத்தகை நிலத்தில். காய்கறி போட ஆசைப்படும் இளைஞரால் அங்கே நிலம் வாங்க முடியாது, ஏனென்றால் 25 ஏக்கரும் ஒரு வீட்டு உரிமையும் சேர்ந்து வந்தால் அவரோடு போட்டிக்கு வருபவர் பெதஸ்டா மாதிரி வசதியான ஊரிலிருந்து வரும் டாக்டர். 1981 தொடக்கத்தில் நிலம் வைத்திருந்தவர்கள் பிள்ளைக்கு ஒரு மனை பிரித்துக்கொடுக்கலாம் என்று ஒரு சலுகை இருந்தது. எந்த ஊராக இருந்தாலும் விவசாயிக்கு அந்த ஆசை ஒன்றுதான். அந்த மனைகளில் சில பிள்ளை குடிவராமலே வெளியாளுக்குக் கைமாறின, பிறகு விதியை இறுக்கினார்கள். ஆக, பணக்காரர்களுக்கு ரிசர்வ் நன்றாகப் பயன்பட்டிருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அவர்களுக்காகவே செய்யப்பட்டது என்பதை ஏற்க மாட்டேன். 5 ஏக்கர் விதியை அப்படியே விட்டிருந்தால் அது இன்னும் அப்பட்டமான பணக்கார ஊராகியிருக்கும்.

விலை விஷயத்தை ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். 93,000 ஏக்கரையும், சாலை, ஓடை எதையும் கழிக்காமல், பழைய 5 ஏக்கர் விதியில் திறந்துவிட்டால் மொத்தம் 18,600 வீடு. அவ்வளவுதான். அத்தனையும் நீங்களும் நானும் வாங்க முடியாத வீடுகள். அதே 18,600 வீட்டை ஏக்கருக்கு 100 என்று அபார்ட்மெண்டாகக் கட்டினால் 186 ஏக்கர் போதும். பெதஸ்டா மெட்ரோ பக்கத்தில் எழுந்திருக்கும் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு அது பயமுறுத்தும் அடர்த்தி இல்லை. ‘சாக்கடையை நீட்டி, கால் ஏக்கர் மனையாகப் போடலாமே’ என்பீர்கள். போடலாம், எண்ணிக்கை பல மடங்காகும். ஆனால் குழாய், பம்பு நிலையம், அகலச் சாலை, பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் வெறுமையிலிருந்து கட்ட வேண்டும். அந்தச் செலவு வீட்டு விலையிலோ வரியிலோ வந்து உட்காரும். இதற்கிடையே கவுண்டி சும்மாவும் இருந்துவிடவில்லை. 1980-இல் 5 லட்சத்து 79 ஆயிரமாக இருந்த மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 10 லட்சத்து 62 ஆயிரம். ரிசர்வைத் தொடாமலே கிட்டத்தட்ட இரட்டிப்பு.

பொடோமாக் ஆற்றுக்கு அந்தப் பக்கம் வர்ஜீனியாவின் லவுடன் கவுண்டி. (இரண்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த ஒயிட்ஸ் ஃபெர்ரி படகு 2020 டிசம்பரில் நின்றுபோனது. எனக்கு அதில் தனி வருத்தம், அது வேறு கதை.) 1990-இல் 86 ஆயிரம் பேர், 2020-இல் 4 லட்சத்து 20 ஆயிரம் பேர். கிழக்குப் பாதியில் வயல்கள் மனைகளாகவும் டேட்டா சென்டர்களாகவும் மாறின. அங்கே வீடு மலிவா? நம்மவர்கள் நிறையப் பேர் அங்கே ஆஷ்பர்ன் என்ற ஊரில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். ஆனால் இந்த ஒப்பீட்டைக் கூட்டங்களில் நானே சொல்லி, நானே அதன் ஓட்டையையும் சொல்வது வழக்கம்: அவ்வளவு வீடு கட்டாமல் இருந்திருந்தால் லவுடனில் விலை இன்னும் ஏறியிருக்கலாம். வேலைவாய்ப்பு, பள்ளி, வருமானம் எல்லாம் கலந்த ஒரு விலையில் நிலக் கட்டுப்பாட்டின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுப்பது பாலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கிற வேலை. ரிசர்வ் விலையைக் கொஞ்சமாவது ஏற்றியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். நிலத்தின் அளிப்பைக் குறைத்தால் விலை ஏறாது என்று யாராவது சாதித்தால் நம்பாதீர்கள். அது எத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்பவரையும் நம்பாதீர்கள்.

இன்னொரு குறையையும் ரிசர்வ் ஆதரவாளர்கள் சுலபமாகச் சொல்ல மாட்டார்கள். இங்கே பூட்டினால் பக்கத்தில் வழியும். 270-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே எல்லையைத் தாண்டியதும் ஃபிரெடரிக் கவுண்டியின் அர்பானா. அதுவும் வயலாக இருந்த இடம்தான். ஃபிரெடரிக் 1990-இல் ஒன்றரை லட்சம் பேர், 2020-இல் 2 லட்சத்து 71 ஆயிரம். அங்கிருந்து தினமும் காலையில் ராக்வில்லுக்கும் பெதஸ்டாவுக்கும் வரிசையாக வருகிற கார்கள், காப்பாற்றப்பட்ட நம் வயல்களைத் தாண்டித்தான் வருகின்றன. கவுண்டி எல்லையோடு நிற்கும் திட்டத்தால் இதைத் தடுக்க முடியாது. ஓரிகன் மாநிலம் 1973-இல் சட்டம் போட்டு, எல்லா நகரங்களும் வளர்ச்சிக்கு எல்லைக்கோடு வரைய வேண்டும் என்று மாநில அளவிலேயே செய்தது. மேரிலாந்தில் அந்த அளவுக்கு இல்லை.

இப்போது என் உண்மையான பதிலுக்கு வருகிறேன். டி.டி.ஆர். என்பது இரண்டு கைக்காரியம். ஒரு கை வயலில் ‘கட்டாதே’ என்று சொல்ல வேண்டும். மறு கை ஊருக்குள் ‘இங்கே கூடுதலாகக் கட்டு’ என்று சொல்ல வேண்டும். இந்த கவுண்டி முதல் கையை நேர்மையாக நீட்டியது. இரண்டாவது கை நடுங்கிக்கொண்டே இருக்கிறது. உரிமைகளை எந்த வட்டாரங்களில் இறக்கலாம் என்று அறிவித்தார்களோ அங்கெல்லாம் குடியிருப்போர் எதிர்த்தார்கள். 1987-இல் மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றம், எங்கே எவ்வளவு அடர்த்தி என்பதைத் திட்ட ஆவணத்தில் எழுதிவிட்டால் போதாது, மண்டல விதியாகவே முறைப்படி கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டது. கவுண்டி அதன்படி விதிகளைத் திருத்தி எழுதியது. எதிர்ப்பு மட்டும் மாறவில்லை. ‘வயலைக் காப்பாற்றுங்கள்’ பலகையைத் தோட்டத்தில் நட்டிருக்கும் அதே வீட்டுக்காரர், தன் தெருமுனையில் நான்கு மாடி வந்தால் முதல் வரிசையில் உட்கார்ந்து எதிர்ப்பார். விசாரணைக் கூட்டங்களில் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவர் நடிக்கவில்லை, இரண்டையும் மனதாரவே சொல்கிறார். அதுதான் சிக்கல்.

கவுண்டியில் ரிசர்வாக இருக்கும் மூன்றில் ஒரு பங்கை நீங்கள் பார்த்தீர்கள். தனி வீட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட மண்டலங்களும் கவுண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கின்றன என்பதைப் பலர் பார்ப்பதில்லை. ஆர்-60 என்ற மண்டலத்தில் மனை குறைந்தது 6,000 சதுர அடி, நம் கணக்கில் இரண்டரை கிரவுண்டு. அதில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. பின்கட்டில் ஒரு சின்ன வீடு போட்டுக்கொள்வதை 2019-இல்தான் தாராளமாக்கினார்கள். அங்கே சாக்கடை இருக்கிறது, பஸ் ஓடுகிறது, சில இடங்களில் மெட்ரோவுக்கு நடந்தே போகலாம். 2022-இல் நிறைவேறிய ‘த்ரைவ் 2050’ பொதுத் திட்டம், இத்தகைய தெருக்களில் இரட்டை வீடும் மூன்று குடும்ப வீடும் வரலாம் என்று கொள்கையளவில் சொன்னது. அதற்கு எழுந்த கூச்சலுக்குப் பிறகு 2025-இல் சபை நிறைவேற்றிய விதி, பெரிய சாலைகளை ஒட்டிய மனைகளோடு நின்றுவிட்டது.

விதியைத் தளர்த்தினால் மட்டும் வீடு எழும்பிவிடும் என்றும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இப்போது நார்த் பெதஸ்டா என்று பெயர் மாறியிருக்கும் ஒயிட் ஃபிளின்ட் மெட்ரோ வட்டாரத்துக்கு 2010-இல் அடர்த்தியை அள்ளிக் கொடுத்தார்கள். அங்கிருந்த ஷாப்பிங் மால் ஒன்றை இடித்துவிட்டு ஒரு சிறு நகரமே கட்டுவதாகத் திட்டம். மாலில் இருந்த பெரிய கடை ஒன்று வழக்குப் போட்டது, மால் இடிந்தது, நிலம் வருடக்கணக்காகப் புல் முளைத்துக் கிடந்தது. வழக்கு, வட்டி, கட்டுமானச் செலவு, அலுவலக இடத்துக்கான தேவை குறைந்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மை என்பது என் ஊகம்.

மலிவு வீட்டுக்கென்று இந்த கவுண்டி 1974-லேயே ஒரு சட்டம் கொண்டுவந்தது, எம்.பி.டி.யு. என்பார்கள். புதிய குடியிருப்பில் ஒரு பகுதி வீடுகளை நடுத்தர வருமானக்காரர்களுக்குக் குறைந்த விலையில் கொடுக்க வேண்டும், பதிலுக்கு பில்டருக்குக் கொஞ்சம் கூடுதல் அடர்த்தி. தொடக்கத்தில் 50 வீடுகளுக்கு மேற்பட்ட குடியிருப்புகளில் 15 சதவீதம். நாடே திரும்பிப் பார்த்த சட்டம். ஆனால் விலைக் கட்டுப்பாடு முதலில் 5 வருடம்தான்! ஆறாவது வருடம் வாங்கியவர் சந்தை விலைக்கு விற்கலாம். பிறகு 10 ஆகி, 2005-இல்தான் 30 வருடமானது. நடுவில் எத்தனை வீடுகள் கைநழுவிப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. வயலுக்கு நிரந்தரப் பூட்டு, மலிவு வீட்டுக்கு 5 வருடப் பூட்டு! அந்த நாட்களில் எது அவசரமாகத் தெரிந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

உங்கள் கைக்குச் சில காரியங்கள். எம்.பி.டி.யு. இப்போதும் நடக்கிறது, முதல் வீடு வாங்குபவர், வருமான வரம்புக்குள் இருப்பவர் என்றால் வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி, குலுக்கலில் பெயர் கொடுக்கலாம். வரம்பு குடும்ப அளவைப் பொறுத்து மாறும், இரண்டு ஐ.டி. சம்பளம் வரும் வீடு என்றால் பெரும்பாலும் தாண்டிவிடும். கூட்டத்துக்குப் போக ஒரு மாலைதான் கிடைக்கும் என்றால், ரிசர்வ் பற்றிய கூட்டத்தை விட்டுவிட்டு மெட்ரோவுக்கோ பெரிய சாலைக்கோ பக்கத்தில் அபார்ட்மெண்ட் வருவது பற்றிய கூட்டத்துக்குப் போங்கள். அங்கே வாடகைக்கு இருப்பவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அப்புறம், கிளார்க்ஸ்பர்க்கே டி.டி.ஆர். இறக்கப்பட்ட ஊர்களில் ஒன்று. உங்கள் குடியிருப்பின் மனைப்பிரிவு வரைபடத்தை மாநில ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடி எடுத்து, ஓரத்தில் இருக்கும் பொடி எழுத்துக் குறிப்புகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். உரிமைகள் வாங்கிக் கட்டியிருந்தால் அவற்றின் வரிசை எண்கள் அங்கே இருக்கும். அந்த எண்ணைப் பிடித்து கவுண்டி நிலப்பதிவில் தேடினால், எந்த வயலிலிருந்து வந்த உரிமையில் உங்கள் சமையலறை நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.